தியத்தலாவையில் குதிரைப்படை: கடிதம்

வணக்கம் ஐயா,

என் பூட்டனார் தியத்தலாவையில் குதிரைப்படையில் இருந்தவர் என்று அப்பாயி சொல்வார். இந்த மேட்டிலும் பள்ளத்திலும் குதிரைப்படை இருந்ததா? தோட்டத்துத் தமிழரை அதில் சேர்த்தார்களா? நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

வாசகர், பண்டாரவளை

அன்புள்ள தம்பி,

இருந்தது. ஆனால் வாளை உருவிக்கொண்டு வரிசையாகப் பாயும் படையை நினைக்காதீர்கள். அதற்குச் சமவெளி வேண்டும். 1892இல் இலங்கையில் தொடங்கியது சிலோன் மவுண்டட் இன்ஃபன்ட்ரி. குதிரையில் போவார்கள், சண்டை என்றால் இறங்கித் துப்பாக்கியால் சுடுவார்கள். பிறகு சிலோன் மவுண்டட் ரைபிள்ஸ் என்று பெயர் மாறி, 1938இல் கலைக்கப்பட்டது.

அது தொண்டர் படை. சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்துத் துரைமார். மலையைச் சுற்றிவர அவர்களிடம் ஏற்கெனவே குதிரை இருந்தது. 1900இல் தென்னாபிரிக்கப் போருக்கு இங்கிருந்து ஒரு பிரிவு கப்பலேறியது. அங்கே ஆங்கிலேயரை எதிர்த்த போயர்கள் குதிரையிலேயே வளர்ந்த விவசாயிகள், சுட்டுவிட்டு மறைந்துவிடுவார்கள். நடந்து போகும் படையால் அவர்களைத் துரத்த முடியவில்லை. அதே ஆண்டில், பிடிபட்ட போயர்களை இங்கே கொண்டுவந்து, மலைக்கு ரயிலேற்றி, தியத்தலாவையில் அடைத்தார்கள். ஏறக்குறைய 5,000 பேர்! அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அப்புறம் தொண்டர் படைகள் பயிற்சி முகாமுக்குக் கூடியதும் தியத்தலாவையில்தான்.

சரி, உங்கள் பூட்டனாருக்கு வருவோம். ஏறி உட்கார்ந்தவர் துரை. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொள்ளு அவித்து, புல் அறுத்துப் போட்டு, துரை இறங்கியதும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றவர் குதிரைக்காரர். தோட்டங்களில் அந்த வேலை நம்மவர்கள் கையில் இருந்தது. பூட்டனாரும் அப்படித்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அப்பாயி சொன்னது பொய்யில்லை, தம்பி. குதிரைக்காரர் இல்லாமல் அந்தப் படை ஒரு நாள்கூட நகர்ந்திருக்காது. ஆனாலும் சிப்பாய்ப் பட்டியலில் அவரைத் தேடிப் பயனில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

இன்றைய இலங்கை இராணுவத்தின் கவசப் படையணி, அதாவது டாங்கிப் படை, 1955இல் தொடங்கியது. அதில் குதிரை கிடையாது.

எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று அப்பாயியிடம் உடனே கேளுங்கள். பழைய செக்ரோல், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேடு, மிஞ்சியிருந்தால் அதில் பூட்டனாரின் பெயர் இருக்கக்கூடும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.