சின்ன கான்ஃபரன்ஸ் கல்லூரிக்கு பிளேஆஃப் இடம் கிடைக்குமா?

கேள்வி: மகள் படிக்கும் அமெரிக்கக் கல்லூரியின் 'அமெரிக்கன் ஃபுட்பால்' அணி, சன் பெல்ட் என்ற சின்ன கான்ஃபரன்ஸில் (கல்லூரி அணிகளின் லீக்) ஆடுகிறது. எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தால் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் இடம் உறுதிதானே? டிசம்பரில் நேரில் பார்க்க இப்போதே டிக்கெட் போடலாமா?

பதில்: உறுதியில்லை. ஜெயிப்பது உங்கள் அணியின் கையில்; தரவரிசை 13 பேர் கொண்ட தேர்வுக் குழுவின் கையில். 2017-ல் சென்ட்ரல் ஃபுளோரிடா என்ற சின்ன கான்ஃபரன்ஸ் அணி 12 ஆட்டத்திலும் ஜெயித்து முடித்தும் குழு அதை 12-ஆம் இடத்தில்தான் வைத்தது. பிளேஆஃபில் அன்று நாலே இடம். அப்புறம் பிளேஆஃபில் சேராத பீச் பவுல் என்ற ஆட்டத்தில் அந்த அணி ஆபர்னை 34-27 என்று வீழ்த்தியது. அந்த சீசனின் இறுதி ஆட்டத்தில் மோதிய அலபாமா, ஜார்ஜியா இரண்டையுமே தோற்கடித்திருந்த ஆபர்ன்! நாலு அணி முறை நீடித்த பத்து சீசன்களில் சின்ன கான்ஃபரன்ஸிலிருந்து உள்ளே போனது 2021-ல் சின்சினாட்டி மட்டுமே. அதற்கும் நோட்ர டேம் என்ற பெரிய அணியின் சொந்த மைதானத்துக்கே போய் 24-13 என்று ஜெயிக்க வேண்டியிருந்தது.

2024 முதல் 12 அணிகள். சின்ன கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் தரவரிசையில் மேலே இருப்பவருக்கு ஓர் இடம் நிச்சயம். ஆக, உங்கள் போட்டி அலபாமா போன்ற பெரிய அணிகளோடு அல்ல. அமெரிக்கன், மவுண்டன் வெஸ்ட் போன்ற மற்ற சின்ன கான்ஃபரன்ஸ்களின் சாம்பியன்களோடு. 2025-ல் துலேன், ஜேம்ஸ் மேடிசன் என்று சின்ன கான்ஃபரன்ஸ் அணிகள் இரண்டு நுழைந்தனவே என்பீர்கள். ஐந்து தோல்விகளோடு தரவரிசையில் பின்தங்கிய டியூக், ஏசிசி என்ற பெரிய கான்ஃபரன்ஸின் பட்டத்தை வென்றதால், அந்த இடம் சின்னவர்களுக்கு வந்த யோகம் அது. 2026 முதல் நாலு பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கும் இடம் உறுதி என்றாகிவிட்டது. அந்தச் சந்தும் அடைபட்டது.

துலேனும் ஜேம்ஸ் மேடிசனும் முதல் சுற்றிலேயே தோற்றதைக் காட்டி, 'இவர்களுக்கு எதற்கு இடம்?' என்று கேட்கிறார்கள். முந்தைய ஆண்டு டென்னஸி 42-17 என்று ஒஹாயோ ஸ்டேட்டிடம் உதை வாங்கியபோது அது ஆடும் எஸ்இசி என்ற பெரிய கான்ஃபரன்ஸின் இடத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் கிளம்பவில்லை. என்னைக் கேட்டால் அநியாயம் ஆட்ட அட்டவணையில்தான் இருக்கிறது. பெரிய அணிகள் பணம் கொடுத்துச் சின்ன அணியைத் தங்கள் மைதானத்துக்கு அழைக்கும். திரும்ப இவர்கள் ஊருக்கு வருவது அபூர்வம். கடைசியில் 'வலுவான எதிரணியோடு ஆடவில்லையே' என்று குழு கழித்துவிடும்.

சரி, டிக்கெட் விஷயம். நவம்பரில் செவ்வாய்தோறும் தரவரிசை வரும். உங்கள் அணிக்கு மேலே வேறொரு சின்ன கான்ஃபரன்ஸ் அணி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், அது சறுக்கினால்தான் வழி. முதல் சுற்று, தரவரிசையில் மேலுள்ள அணியின் ஊரில் நடக்கும். 2025-ல் ஜேம்ஸ் மேடிசன் வர்ஜீனியாவிலிருந்து ஆரிகன் வரை போக வேண்டியிருந்தது. எனவே டிசம்பர் முதல் வாரக் கடைசியில் பட்டியல் வரும்வரை ரத்து செய்ய முடியாத எதையும் வாங்காதீர்கள். மகளோடு ஓர் ஆட்டம் பார்ப்பதுதான் ஆசை என்றால், சன் பெல்ட் இறுதி ஆட்டத்தைக் குறி வையுங்கள். அதைத் தகுதி பெற்ற இரு அணிகளில் ஒன்றின் சொந்த மைதானத்திலேயே நடத்துகிறார்கள்.