எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமது 2019 நோபல் அமைதிப் பரிசுக்குத் தகுதியானவர்தானா?

பக்கத்து நாடான எரித்திரியாவோடு செய்த சமாதானத்துக்காக அவருக்குக் கொடுத்த பரிசு அது. தகுதியானவரா என்றால், இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் அதற்குப் பலரும் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. "பரிசு வாங்கி ஒரு வருஷம் ஆவதற்குள் தன் நாட்டின் டிக்ரே மாநிலத்திலேயே போர் நடத்தினாரே" என்பார்கள். 2020இல் நடக்கப்போவது 2019இல் ஆஸ்லோவில் கூடிய ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு எப்படித் தெரியும்? பரிசை அறிவித்த 2019 அக்டோபர் 11 அன்று கண்ணெதிரே இருந்ததை மட்டும் வைத்துப் பார்த்தாலும் அது தவறான முடிவு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

2017 முதல் 2020 தொடக்கம் வரை டிக்ரே மாநிலத் தலைநகர் மெக்கெல்லேயில் விரிவுரையாளராக இருந்தேன். எத்தியோப்பியக் கல்லூரிகளில் அப்போது நம்மூர் ஆசிரியர்கள் நிறையப் பேர். என் பக்கத்து மேசைக்காரர் டிக்ரேக்காரர். அவருடைய அம்மா பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், எரித்திரியாவின் செனாஃபேயில். அம்மாவின் தங்கை அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். நடுவில் இருப்பது சில மணி நேரப் பயணம். ஆனாலும் அக்காவும் தங்கையும் இருபது வருஷம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

காரணம் 1998இல் தொடங்கிய போர். 1993இல் தனி நாடான எரித்திரியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் பாத்மே என்ற சின்ன ஊரை வைத்துத் தகராறு முற்றியது. இரண்டு வருஷத்தில் பல பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2000 டிசம்பரில் அல்ஜியர்ஸில் உடன்பாடு கையெழுத்தானது. 2002இல் எல்லை ஆணையம் பாத்மே எரித்திரியாவுக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தது. எத்தியோப்பியா ஒப்படைக்கவில்லை. அதன் பிறகு போரும் இல்லை, சமாதானமும் இல்லை. தொலைபேசி கிடையாது, விமானம் கிடையாது, சாலை மூடிக் கிடந்தது. இதையே சாக்காக வைத்து எரித்திரிய அதிபர் இசையாஸ் அஃபெவெர்கி தன் நாட்டு இளைஞர்களை முடிவே இல்லாத ராணுவச் சேவையில் வைத்திருந்தார்.

2018 ஏப்ரலில் அபி பிரதமரானார். ஜூன் மாதமே அந்தத் தீர்ப்பை முழுசாக ஏற்பதாக அவருடைய ஆளுங்கூட்டணி அறிவித்தது. ஜூலை 8 அன்று எரித்திரியத் தலைநகர் அஸ்மாராவில் போய் இறங்கினார். அதற்குத் துணிச்சல் வேண்டும். பதினாறு வருஷம் முந்தைய பிரதமர்கள் யாரும் செய்யாததை வந்த மூன்றே மாதத்தில் செய்தார். சிறையிலிருந்த அரசியல் கைதிகளையும் பத்திரிகையாளர்களையும் ஆயிரக்கணக்கில் விடுவித்தார். அமைச்சரவையில் பாதி இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தார். அந்த மாதங்களில் அந்த நாட்டில் இருந்த யாரும் அவரைச் சாதாரண ஆள் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன்.

தொலைபேசி இணைப்பு திரும்ப வந்தபோது எரித்திரியாவில் யாரையும் தெரியாதவர்கள்கூட ஏதோ ஒரு எண்ணைச் சுழற்றி, எடுத்தவரிடம் நலம் விசாரித்தார்கள். செப்டம்பர் 11, அவர்களுடைய வருஷப் பிறப்பு அன்று ஜலம்பெசாவில் எல்லை திறந்தது. அடுத்த சில வாரங்கள் மெக்கெல்லே கடைத்தெருவில் எரித்திரிய எண் பலகையோடு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அரிசி, சிமென்ட், டெஃப் தானியம் என்று மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார்கள். நண்பரின் சித்தியும் வந்தார். அன்று என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தரையில் புல் பரப்பி, அடுப்பில் காபிக் கொட்டையை வறுத்து, அவர்கள் வழக்கப்படி மூன்று சுற்றுக் காபி. அக்காவும் தங்கையும் பேசவே இல்லை, கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அன்றே பரிசைக் கொடுத்திருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

ஆனால் டிசம்பர் கடைசியில் எரித்திரியா ஜலம்பெசா வழியை மூடிவிட்டது. காரணம் சொல்லவில்லை. 2019 ஏப்ரலுக்குள் மற்ற வழிகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அக்டோபரில் பரிசுச் செய்தி வந்ததும் நண்பரிடம் ஓடிப்போய் வாழ்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எல்லை திறந்திருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் இந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள முதல் வாதம் அதுதான். பரிசு அறிவித்த நாளில் எல்லை மூடிக் கிடந்தது. பாத்மே கைமாறவில்லை. எல்லைக்கல் ஒன்றுகூட நடப்படவில்லை. எரித்திரிய இளைஞர்கள் ராணுவத்திலிருந்து விடுபடவில்லை. விமானமும் தூதரகமும் மிஞ்சின, அவ்வளவுதான்.

2018இல் இரு தலைவர்களும் கையெழுத்திட்ட காகிதங்களையும் பாருங்கள். அஸ்மாரா பிரகடனத்தில் ஐந்து அம்சங்கள், ஜெட்டா உடன்பாட்டில் ஏழு பிரிவுகள். எல்லைத் தீர்ப்பை நிறைவேற்றுவோம் என்று இருக்கிறது. எப்போது, எப்படி என்று ஒரு வரி இல்லை. அந்த எல்லையில் குடியிருக்கும் மக்களை யாரும் கேட்கவும் இல்லை. பாத்மேயை ஒப்படைக்கப் போவதாக அறிவித்த உடனே அந்த ஊர்க்காரர்களும் எல்லையோரத்து இரோப் இன மக்களும் ஊர்வலம் போனார்கள். அவர்கள் சமாதானத்தை எதிர்க்கவில்லை, எங்கள் வீடு எந்த நாட்டில் வரும் என்று கேட்டார்கள். அதற்குத் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து தெளிவான பதில் வரவில்லை.

அரைகுறையாக இருக்கும்போதே பரிசு கொடுத்துப் பலித்த கதையும் உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1978இல் எகிப்தின் சதாத்துக்கும் இஸ்ரேலின் பெகினுக்கும் பரிசு அறிவித்தபோது சமாதான ஒப்பந்தமே கையெழுத்தாகவில்லை, அது நடந்தது 1979 மார்ச்சில்தான். ஆனால் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் இருவரும் முன்பே எழுதிய உடன்பாட்டில், எகிப்தின் சினாயிலிருந்து இஸ்ரேல் படை விலகுவதற்குக் காலவரம்பு இருந்தது. அதன்படி 1982 ஏப்ரலில் இஸ்ரேல் வெளியேறியது. பரிசுக் குழுவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தது. அபி விஷயத்தில் அப்படி என்ன இருந்தது?

இரு தலைவர்களின் நட்பு இருந்தது. எனக்கு நெருடுவதும் அதுதான். அதுவரை எத்தியோப்பியாவை ஆட்டிவைத்த டிக்ரே கட்சியை இசையாஸுக்கு ஆகாது. அபி வந்ததும் அந்தக் கட்சி மத்தியில் செல்வாக்கை இழந்து மெக்கெல்லேக்குத் திரும்பியிருந்தது. ஒன்றுசேர்ந்த இருவருக்கும் நடுவில் இருந்தது டிக்ரே. இதை யாரும் ரகசியமாக வைத்திருக்கவில்லை, எங்கள் காபிக் கடையில் தினமும் பேசிய பேச்சு இது. குழுவும் பயந்துதான் கொடுத்தது என்று நினைக்கிறேன். சிலர் இதை அவசரம் என்று நினைப்பார்கள், ஆனால் இப்போதுதான் ஊக்கம் தேவை என்று அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். உள்நாட்டு இனமோதல்களால் 2018இல் மட்டும் எத்தியோப்பியாவில் சுமார் 29 லட்சம் இடப்பெயர்வுகள். அந்த வருஷம் உலகிலேயே அதிகம். நாடு இப்படி இருக்கும்போது அதன் தலைவருக்குக் கொடுக்கும் பதக்கம் ஊக்கமாகுமா, 'நீ செய்வது எல்லாம் சரி' என்ற முத்திரையாகுமா? ஆட்சியில் இருப்பவருக்குக் கொடுக்கும்போது இந்த வித்தியாசம் மிகப் பெரியது. போராடிச் சிறையில் கிடக்கும் ஒருவருக்கு அந்தப் பதக்கம் கேடயம். படையும் காவல்துறையும் கையில் இருப்பவருக்கு அது வேறு ஒன்று.

2019 டிசம்பர் 10 அன்று ஆஸ்லோவில் அவர் பேசியதைக் கேட்டேன். 1998 போரில் அவர் ரேடியோ இயக்கும் சிப்பாய். சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை என்று பதுங்குகுழியை விட்டுச் சில நிமிடம் வெளியே போனார். திரும்பி வந்தபோது கூட இருந்த அத்தனை பேரும் குண்டுவீச்சில் இறந்து கிடந்தார்கள். போர் என்பது நரகம் என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். அதனால்தான் பின்னால் நடந்தது இன்னும் வலிக்கிறது.

2020 நவம்பர் 4இல் போர் தொடங்கியது. டிக்ரே படையினர் ராணுவத்தின் வடக்குக் கட்டளை முகாம்களைத் தாக்கினார்கள், அதையும் மறைக்கக் கூடாது. அப்புறம் எரித்திரியப் படை உள்ளே வந்தது. 2021 மார்ச் வரை அபி அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அக்சும் நகரில் நூற்றுக்கணக்கான மக்களை அந்தப் படை கொன்றது. தொலைபேசி, வங்கி, மருந்து எல்லாம் நின்றன. 2022 நவம்பர் 2 அன்று பிரிட்டோரியாவில் ஒப்பந்தம் ஆனது. பேச்சுவார்த்தையை நடத்திய நைஜீரிய முன்னாள் அதிபர் ஒபசான்ஜோ, 6 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்றார். பரிசுக் குழுவோ 2022 ஜனவரியில், போரை முடிக்கும் சிறப்புப் பொறுப்பு அபிக்கு உண்டு என்று ஓர் அறிக்கை விட்டது. பரிசைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை.

சரி, என்னதான் செய்திருக்க வேண்டும்? காத்திருந்திருக்கலாம். பரிசு வருஷா வருஷம் வருகிறது. எல்லைக்கல் நட்டு, சாலை ஒரு வருஷமாவது திறந்திருந்த பிறகு கொடுத்திருக்கலாம்.

நண்பரின் குரலை 2023 ஜனவரியில்தான் திரும்பக் கேட்டேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் கிடைக்காமல் 2021 கடைசியில் இறந்துவிட்டார் என்றார். சித்திக்குச் சொல்ல வழியில்லை என்றார். 2025 மே மாதம் ஜலம்பெசாவில் இரு பக்கத்து ஊர்க்காரர்களும் தாங்களாகவே கூடி வழியைத் திறந்தார்கள். அரசாங்கம் எதுவும் அறிவிக்கவில்லை. அடுத்த வாரமே அவர் செனாஃபேக்குப் போய், அம்மா இறந்து மூன்றரை வருஷம் கழித்து, சித்தியிடம் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு வந்தார்.