மேனேஜரை அடிக்கவும் வேண்டாம், தரகரைக் கூப்பிடவும் வேண்டாம்

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். நாற்பது பேருக்கு மேல் வேலை பார்க்கிறோம். சேலைப் பிரிவில் இருக்கும் ஒரு அக்காவை மேனேஜர் தொந்தரவு செய்கிறார். சரக்கு எடுக்கக் குடோனுக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போகிறார். ராத்திரி வாட்ஸ்அப்பில் கண்டபடி அனுப்புகிறார். ஒருமுறை கையைப் பிடித்து இழுத்ததை நானே பார்த்தேன். அவர் முதலாளியின் மைத்துனர் என்பதால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒருவர், “கேஸெல்லாம் எதற்கு, நான் பேசி ஒரு லட்சம் வாங்கித் தருகிறேன்” என்கிறார். கூட்டாளிகளோ வெளியில் வைத்து நாலு தட்டுத் தட்டலாம் என்கிறார்கள். அக்காவுக்கு நான் எப்படி உதவுவது?

பதில்: முதலில் அந்தத் ‘தெரிந்தவரை’ முடித்துவிடுவோம், தம்பி. அவரோடு இனி ஒரு வார்த்தை பேசாதீர்கள். அக்காவின் பெயரை ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தால், அதை உடனே அக்காவிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.

இந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் ஏதோ சங்கத்தின் மாவட்டப் பொறுப்பாளர் என்பார். இன்னொருவர் வண்டியில் ‘பிரஸ்’ என்று ஒட்டியிருப்பார். வக்கீல் கோட்டு போட்டவர்களும் உண்டு, என் தொழில்காரர்கள்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது. நேராக முதலாளியிடம் போய், “பொண்ணு ஸ்டேஷனுக்குப் போகப்போகுது, நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன்” என்பார்கள். அங்கே ஒரு தொகை பேசுவார்கள், அக்காவிடம் வேறொரு தொகையைச் சொல்வார்கள், இடையில் இருப்பது அவர்கள் பைக்குள் போகும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள். நாளைக்கு அந்த அக்கா நிஜமாகவே புகார் கொடுக்கப் போனால், “இவள் பணம் பறிக்கத்தான் பழி போடுகிறாள், இதோ வாங்கியதற்கு அத்தாட்சி” என்று அதே தாள் வந்து நிற்கும்.

2013இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இந்த வேலையை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. சமரசம் என்று ஒன்று உண்டு. ஆனால் பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்டால் மட்டும்தான், அதுவும் இந்தச் சட்டப்படி அமைத்த புகார் கமிட்டி வழியாகத்தான், பணத்தை அடிப்படையாக வைக்கவே கூடாது. தொகை பேசித் தருகிறேன் என்று யார் வந்தாலும் அது வெறும் கட்டப் பஞ்சாயத்து.

அடிப்பது பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. அடித்த மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்வார், உங்கள் மேல் எஃப்ஐஆர் விழும். அதற்கப்புறம் ஊர் முழுக்க உங்கள் வழக்கைத்தான் பேசும். அக்காவின் புகார் எங்கே போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? நம் ஆண்களுக்கு இதில் ஒரு வியாதி உண்டு. ஒரு பெண் நம்பி ஒன்றைச் சொல்லிவிட்டால், அடுத்த நிமிடமே வழக்கை நம் கையில் எடுத்துக்கொள்வோம். அவரைக் கேட்காமலேயே நாலு பேரைக் கூட்டுவோம், டீக்கடையில் வைத்துக் கொதிப்போம். உங்கள் கடிதத்தைப் பாருங்கள். தெரிந்தவர் என்ன சொன்னார், கூட்டாளிகள் என்ன சொன்னார்கள் என்று இருக்கிறது. அக்கா என்ன வேண்டும் என்கிறார் என்பது எங்கேயும் இல்லை. அவரைக் கேளுங்கள். புகார் கொடுக்க வேண்டுமா, அந்த ஆள் தன் பக்கம் வராமல் இருந்தால் போதுமா, வீட்டில் சொல்லியாயிற்றா? “இப்போது வேண்டாம்” என்றால் வற்புறுத்தாதீர்கள். எது முடிவானாலும் பெயர் வெளியே போகக்கூடாது. புகார் கொடுத்த பெண் யார் என்பதை வெளியிடக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. கடைப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பும் வெளிதான்.

உங்களிடம் அவருக்குப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. கையைப் பிடித்து இழுத்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். இன்றைக்கே உட்கார்ந்து எழுதுங்கள்: என்ன தேதி, எத்தனை மணி, எந்த இடம், யார் எங்கே நின்றார்கள், என்ன பேசினார்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், கேள்விப்பட்டதைச் சேர்க்காதீர்கள். இந்த மாதிரி வழக்குகள் சாட்சி இல்லாமல்தான் அதிகம் படுத்துப்போகின்றன. பார்த்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள், விசாரணை என்றதும் எல்லோருக்கும் அன்றைக்கு வீக்லி ஆஃப்.

வாட்ஸ்அப்பில் வந்ததை அக்கா அழிக்க வேண்டாம். நம்பரும் தேதியும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுக்கட்டும், போனையும் மாற்ற வேண்டாம். கேமரா பதிவு சில வாரங்களில் பழையதன் மேலேயே பதிவாகிவிடும். அதனால் புகாரிலேயே, இந்தத் தேதிப் பதிவை எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் சங்கடமானது. “நானே வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன்” என்று கிளம்பிவிடாதீர்கள். புகார் என்று வந்ததும் மேனேஜர் தரப்பு முதலில் சொல்லப்போவது, “அவளுக்கும் பில் போடுகிற பையனுக்கும் தொடர்பு, நான் கண்டித்தேன், அதனால்தான் பழி” என்பது. உதவியை நாலு பேர் முன்னால், கூட வேலை பார்க்கும் பெண்களையும் சேர்த்துச் செய்யுங்கள். குடோனுக்கு யாரை அனுப்பினாலும் இரண்டு பேராகப் போகும் வழக்கத்தைச் சத்தமில்லாமல் கொண்டுவாருங்கள். தீபாவளி நேரத்தில் ராத்திரி வெகுநேரம் கழித்து ஷட்டரை இறக்கிவிட்டு, உசிலம்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் போக வேண்டிய பெண்களைப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் காக்க விடுகிறார்களே, அதையும் கேளுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் கடை திறக்கலாம் என்று தமிழக அரசு தந்த அனுமதியிலேயே, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க எழுத்துப்பூர்வ சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும், போக வர வண்டி ஏற்பாடும் வேண்டும் என்று இருக்கிறது. உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021இல் சட்டமே திருத்தினார்கள். எத்தனை கடையில் போட்டிருக்கிறார்கள் என்று நீங்களே ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

இனி புகார். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார் கமிட்டி இருந்தாக வேண்டும். தலைவர் அங்கேயே மூத்த பொறுப்பில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். உங்கள் கடையில் இருக்கிறதா? பெரும்பாலும் ஆடிட்டர் ஃபைலில் இருக்கும். முதலாளியம்மா தலைவர், கேஷியர் உறுப்பினர், வெளியாளாக யாரோ ஒருவர், அவர் கடைப் படியே ஏறியிருக்க மாட்டார். இப்போது இதற்கென்று ஆலோசகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு ‘சான்றிதழ்’ அடித்து ஃப்ரேம் போட்டுத் தருகிறார்கள். அப்படி ஒரு சான்றிதழைச் சட்டம் கேட்கவே இல்லை. கேட்பது வேலை செய்கிற கமிட்டியை. அதை அமைக்காவிட்டால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் உள் கமிட்டியோடு நிற்காதீர்கள், இதைக் கவனமாகக் கேளுங்கள். புகார் முதலாளி மேலேயே என்றால், கடையில் எத்தனை பேர் இருந்தாலும், மாவட்டத்தில் உள்ள உள்ளூர் புகார் கமிட்டிக்குப் போகலாம். “மைத்துனர்தானே, முதலாளி இல்லையே” என்பார்கள். தனியார் இடத்தைப் பொறுத்தவரை முதலாளி என்பவர் லைசென்ஸில் பெயர் உள்ளவர் மட்டுமல்ல. அந்த இடத்தின் நிர்வாகம், மேற்பார்வை, கட்டுப்பாடு யார் பொறுப்போ அவரும் முதலாளிதான் என்கிறது சட்டம். ஆகவே மைத்துனர் அங்கே நிஜத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஆள் எடுப்பது, நிறுத்துவது, லீவு கொடுப்பது, சம்பளத்தில் பிடிப்பது எல்லாம் அவர் கையில் என்றால், அவரை முதலாளியாகக் கொள்ள வேண்டும் என்று வாதாட இடம் இருக்கிறது. ஒரு தளத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் மேலே கேட்டுத்தான் செய்கிறார் என்றால் அந்த வாதம் நிற்காது, உள் கமிட்டிதான். அவர் கையெழுத்துப் போட்ட லீவுச் சீட்டு, அபராதம் பிடித்த சீட்டு, “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்று யாருக்காவது அனுப்பிய மெசேஜ், இதெல்லாம் கிடைத்தால் எடுத்து வையுங்கள். எந்தக் கமிட்டி என்பதே பல சமயம் இந்தத் துண்டுச் சீட்டுகளில்தான் தீர்மானமாகும். குழப்பம் இருந்தால் இரண்டுக்கும் எழுதிவிடுங்கள்.

உள்ளூர் கமிட்டியைக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பொறுமையோடு போங்கள். ஒரு ஊரில் ஒரு அலுவலகத்தில் எங்களைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து போலீஸுக்கு, போலீஸிலிருந்து திரும்பவும் முதல் மேசைக்கே. சுவரில் கமிட்டி பெயர்ப்பலகை இருந்தது, அதிலிருந்த அதிகாரி எப்போதோ மாற்றலாகிப் போயிருந்தார். 2013இல் போட்ட சட்டத்துக்கு, உள்ளூர் கமிட்டியை அமைக்க வேண்டிய மாவட்ட அதிகாரியை நியமியுங்கள் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்து உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். “இங்கே இல்லை” என்று யாராவது சொன்னால் வாதாடாதீர்கள். மனுவை, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.

கையைப் பிடித்து இழுத்தது தனியாகக் குற்றமும்கூட. கமிட்டி இருக்கிறதே என்று மகளிர் காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுக்க முடியாது, இரண்டும் ஒரே நேரத்தில் போகலாம். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

புகாரை அக்கா தன் சொல்லில், தமிழிலேயே எழுதலாம். ஆறு பிரதிகள் வேண்டும். அவரால் எழுத முடியாத நிலை என்றால், விவரம் தெரிந்தவர் என்ற முறையில் நீங்கள் கொடுக்கலாம், ஆனால் அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் முடியாது. கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கலாம், அதை நம்பி, போனஸ் வாங்கிக்கொண்டு பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். கூடவே, விசாரணை முடியும்வரை மேனேஜரை வேறு இடத்துக்கு மாற்றும்படியும் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வழக்கமாக அந்தப் பெண்ணைத்தான் மாற்றுவார்கள்.