அட்வான்ஸ், லீவு, கோபம்: ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர்களின் கேள்விகள்

மதுரையை அடுத்த கப்பலூர்ப் பக்கம் ஓர் உதிரிபாக ஆலையில் மெஷின் ஓட்டுபவனாகச் சேர்ந்து, கடைசியில் அதே ஆலையின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் யோசனை சொல்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. கேட்டவர்கள் பெயரைப் போடவில்லை, ஊர் சின்னது.

ஐயா, கீழமாசி வீதியில் எங்களுக்கு மளிகை மொத்தக் கடை. படிப்பு முடித்து நான் பொறுப்புக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. பழைய கணக்குப்பிள்ளை எதைச் சொன்னாலும் "பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் தம்பி" என்கிறார். எப்படிச் சமாளிப்பது?

தம்பி, சமாளிக்க வேண்டியது கணக்குப்பிள்ளையை இல்லை, உங்கள் அப்பாவை. அவர் போய்க் கேட்கிறார், இவரும் பதில் சொல்கிறார் இல்லையா? அந்த வழி திறந்திருக்கும்வரை யாரும் உங்களிடம் வரமாட்டார்கள்.

ஒரு நாள் ராத்திரி கடை அடைத்தபிறகு அப்பாவோடு உட்காருங்கள். யாருக்கு எவ்வளவு கடன் கொடுப்பது, ஆட்களின் லீவு, வண்டி வாடகை என்று எவையெல்லாம் இனி உங்கள் முடிவு என்று பேசிக்கொள்ளுங்கள். அதை அப்பாவே எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். அதற்கப்புறம் யார் கேட்டாலும் "தம்பிகிட்ட கேளுங்க" என்பது ஒன்றுதான் அவருடைய வேலை.

இன்னொன்று. உசிலம்பட்டிப் பார்ட்டிகளில் யார் சொன்ன தேதிக்குப் பணம் தருவார், யார் இழுத்தடிப்பார் என்பது அந்தக் கணக்குப்பிள்ளைக்கு மனப்பாடம். கம்ப்யூட்டரை அவருக்குக் கற்றுக்கொடுக்கும் முன் அதை நீங்கள் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

பைபாஸ் ரோட்டில் ஹோட்டல் வைத்திருக்கிறேன் அண்ணே. பரோட்டா மாஸ்டருக்கு 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். மூணே மாதத்தில் வேறு கடைக்குப் போய்விட்டார். அடுத்து வருபவரிடம் ஆதார் கார்டை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. கடனைக் காட்டி ஓர் ஆளைப் போகவிடாமல் பிடித்து வைப்பது கொத்தடிமை முறை. 1976-லேயே அதைச் சட்டம் போட்டு ஒழித்தாயிற்று. தவிர, கார்டை வாங்கி வைத்தால் மட்டும் நிற்பாரா? எண் தெரிந்தால் இன்னொரு கார்டு எடுத்துக்கொள்வார்.

அவர் ஏன் ஓடினார் என்று பாருங்கள். நீங்கள் 40,000 கொடுக்கிறீர்கள். வாராவாரம் பிடிக்கிறீர்கள். கைக்கு வரும் கூலி மெலிகிறது. வீட்டுச் செலவு மெலிவதில்லை. ரெண்டாவது மாதமே மறுபடி கடன் கேட்கிறார், நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். அந்த நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர் 50,000 தருகிறேன் என்றால் மனுஷன் என்ன செய்வார்? ஆளைப் பிடித்து வைக்க என்று நீங்கள் கொடுத்த அட்வான்ஸ்தான் அவரைக் கிளப்பி விட்டிருக்கிறது.

ஒரு மாதக் கூலிக்கு மேல் அட்வான்ஸ் வேண்டாம். தொகையையும் வாரப் பிடித்தத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். என்னைக் கேட்டால் ஐந்தில் ஒரு பங்கே அதிகம். பணம் எதற்கு என்றும் கேளுங்கள். ஜூன் மாதம் என்றால் பெரும்பாலும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ்தான். அதற்கு ஒரு சின்னத் தொகையை உதவியாகவே கொடுத்துவிடலாம். அந்த மரியாதை பல வருஷம் நிற்கும்.

அடுத்தது, மாவு பிசைகிற பையனுக்கு வீச்சு பழக்குங்கள். கூட்டம் குறைந்த பிற்பகலில் தினம் முப்பது பரோட்டா அவன் போடட்டும். மாஸ்டருக்கு இது பிடிக்காது, தன் இடம் போய்விடும் என்று பயப்படுவார். அதனால் பழக்கிவிடுவதற்கென்று தனியாகப் பணம் கொடுங்கள், அதை முதலிலேயே சொல்லியும் விடுங்கள்.

கல்லுக்கு மேலே புகை போக வழி இருக்கிறதா? அதே கூலிக்குப் பக்கத்துக் கடைக்குப் போன ஒரு மாஸ்டரிடம் காரணம் கேட்டேன். "அங்க எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுது சார்" என்றார்.

எங்கள் ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்கள் ஸ்டூல் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் தப்பாக நினைக்க மாட்டார்களா?

தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வைப்பதைக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். அதனால் இது உங்கள் விருப்பத்தில் இல்லை. காலையிலிருந்து நின்றே இருந்தவர் ராத்திரி எட்டு மணிக்கு எந்த முகத்தோடு இருபதாவது சேலையை விரித்துக் காட்டுவார் என்பதையும் யோசியுங்கள்.

இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் வேலை. நேற்றுவரை ஒன்றாக டீ குடித்தவர்களுக்கு இன்று நான் டீம் லீட். தப்பைச் சுட்டிக்காட்ட நாக்கு வரவில்லை, சார்.

டீ குடிப்பதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் தலைக்கனம் என்பார்கள். வேலைப் பேச்சுக்கு மட்டும் தனி நேரம் வையுங்கள். ஒவ்வொருவரோடும் வாரம் இருபது நிமிடம், தனியாக. அங்கே முதலில் அவர்களைப் பேச விடுங்கள். தப்பைச் சொல்லும்போது ஆளைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். "நீ அக்கறை இல்லாதவன்" என்றால் சண்டைதான் வரும். "செவ்வாய்க்கிழமை டெஸ்ட் பண்ணாமல் அனுப்பிவிட்டாய், ராத்திரி ரெண்டு பேர் உட்கார வேண்டியதாயிற்று" என்றால் அவருக்கே புரியும். அதே வாரம் சொல்லிவிட வேண்டும். ஒரு வருஷம் சேர்த்து வைத்து அப்ரைசலில் கொட்டுவது துரோகம்.

பன்னிரண்டு பெண்களை வைத்துத் தையல் யூனிட் நடத்துகிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு எல்லோரும் ஒரே நாளில் லீவு கேட்கிறார்கள். ஆர்டரும் அப்போதுதான் வருகிறது.

அம்மா, அழகர் ஆற்றில் இறங்கும் அன்று மதுரையில் தையல் மெஷின் ஓட்டலாம் என்று யார் சொன்னது? சித்ரா பௌர்ணமி என்றைக்கு என்பது வருஷப் பிறப்பில் வாங்கும் காலண்டரிலேயே இருக்கிறது. அன்று யூனிட் மூடல் என்று தை மாதமே அறிவித்துவிடுங்கள். ஆர்டர் எடுக்கும்போது பார்ட்டியிடமும் தேதியைத் தள்ளிச் சொல்லுங்கள். திருக்கல்யாணம், தேர், பூப்பல்லக்கு ஆகிய நாட்களுக்கு முறை வைத்துக்கொள்ளலாம். அந்த முறையை அவர்களே பேசி எழுதித் தரட்டும். நீங்கள் போட்டால் பன்னிரண்டு பேருக்கும் குறை இருக்கும்.

எனக்குக் கோபம் அதிகம். அப்புறம் வருத்தப்படுவேன். திருந்த வழி உண்டா?

என் கதையைச் சொல்கிறேன். ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகி வந்தது. ஷிஃப்டு மாறும் நேரம், அறுபது பேர் பார்க்க ஓர் இளம் ஆபரேட்டரைக் கிழித்துவிட்டேன். மறுநாள்தான் தெரிந்தது, மெஷினில் ஒட்டியிருந்த, பாகத்தின் அளவுகள் போட்ட டிராயிங்கே பழசு. மாற்றியிருக்க வேண்டியவன் நான். அவனை என் அறைக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றான். ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போனான். திட்டியது அறுபது பேர் முன்னால், மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு. அந்தக் கணக்கு எப்படி நேராகும்?

கோபம் போகாது, எனக்கும் போகவில்லை. ஆனால் "டிராயிங் சரியா, சாமான் சரியா, சொன்னது சரியா?" என்று வாயைத் திறக்கும் முன் மூன்றையும் பார்க்கப் பழகினேன். பார்த்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் வடிந்துவிடும்.

தீபாவளி போனஸ் எவ்வளவு தர வேண்டும்?

20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில், சட்டப்படி தகுதி உள்ளவர்களுக்குக் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். பன்னிரண்டில் ஒரு பங்கு, அதுதான் 8.33. அந்த வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே கணக்கில் வருவார். தொகையை விட முக்கியம், முதல் நாள் ராத்திரி கொடுக்காதீர்கள். விளக்குத்தூணில் துணி எடுக்க அவருக்கும் நேரம் வேண்டாமா?

மேலூரிலிருந்து வரும் பையன் தினமும் 20 நிமிடம் லேட். சம்பளத்தில் பிடித்துப் பார்த்தேன், மாறவில்லை.

எந்தப் பஸ்ஸில் வருகிறான் என்று கேட்டீர்களா? மாட்டுத்தாவணியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து வருகிறவன் என்றால், முந்தைய பஸ் எத்தனை மணிக்கு என்று அவனிடமே கேளுங்கள். அது ஒரு மணி நேரம் முன்னால் என்றால், அவனுக்கு மட்டும் ஒன்பதரைக்கு ஆரம்பித்து, சாயந்திரம் அரை மணி நேரம் கூட இருக்கச் சொல்லிப் பாருங்கள். அப்புறமும் லேட் என்றால் அது வேறு பேச்சு.