நுண் இயற்கணிதம், மர அறிவியல், உயிரிமருத்துவப் பொறியியல், மீளுருவாக்க மருத்துவம்: நான்கையும் ஒரே ஆய்வில் இணைக்க முடியுமா?

கணிதத்தில் முதுகலை முடித்திருக்கும் நீங்கள், குலம், வளையம் போன்ற அமைப்புகளை ஆராயும் நுண் இயற்கணிதத்தைக் கைவிடாமல் மரத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவும் ஆய்வு ஒன்றைச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நான்கு துறைகளுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை என்று உங்களிடம் பலர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தம் உண்டு, என் ஆய்வே அந்தச் சம்பந்தத்தில்தான் நடக்கிறது. நான்கையும் சேர்த்துக் கட்டுவது திசை என்னும் ஒரே கருத்து. மரத்தின் நார் ஓடும் திசையை வைத்து எங்கள் வீட்டில் அதற்கு நார் ஓட்டம் என்று பெயர்.

என் அப்பா கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் தச்சு வேலை செய்தவர். நான் பள்ளியில் படித்த காலத்தில், பலாத்தடி ஒன்றின் முனையிலிருந்து நான்கு விரல் கனத்தில் ஒரு வட்டைக் கேட்டு வாங்கி, உட்காரும் பலகையாக்கலாம் என்று திண்ணையில் காய வைத்தேன். இரண்டு வாரத்தில் நடுவிலிருந்து பட்டை வரை ஒரே பிளவு. நடுவில் மயிரிழை அளவிலும் பட்டை ஓரத்தில் என் சுண்டுவிரல் நுழையும் அளவிலும் அது விரிந்திருந்தது. அழுத என்னிடம் அப்பா, "தடி நீளத்துல சுருங்காது மக்களே, சுத்துலதான் ரொம்பச் சுருங்கும், அதாம் பொளந்துட்டு" என்றார். மர அறிவியலில் ஒரு முழு அத்தியாயம் அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது சுருக்கம் தொடங்குகிறது. வளையங்களின் சுற்றுவாக்கில் ஏற்படும் சுருக்கம் ஆரவாக்கில் ஏற்படுவதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. நீளவாக்கிலோ பெரும்பாலும் 0.2 விழுக்காட்டைக்கூடத் தாண்டாது. சுற்றளவு ஆரத்தைவிட வேகமாகக் குறைந்தால் வட்டு பிளந்துதான் ஆக வேண்டும்.

இந்த மூன்று திசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால்தான் இயற்கணிதம் உள்ளே வருகிறது. ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்து, அதன் நீள அச்சைச் சுற்றி அரைச் சுற்றும் பிறகு அகல அச்சைச் சுற்றி அரைச் சுற்றும் சுற்றிப் பாருங்கள். உயர அச்சைச் சுற்றி ஒரே ஓர் அரைச் சுற்று சுற்றியது போலவே அது வந்து நிற்கும். சும்மா இருத்தலையும் சேர்த்து இந்த நான்கு செயல்களில் எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் இந்த நான்கில் ஒன்றே கிடைக்கும்; இப்படிப்பட்ட தொகுப்புக்குத்தான் குலம் என்று பெயர். இது நீங்கள் படித்த க்ளைன் நான்கன் குலம். மூன்று கண்ணாடிப் பிரதிபலிப்புகளையும் மையத் தலைகீழாக்கத்தையும் சேர்த்தால் எட்டு உறுப்புகள் கொண்ட குலமாகிறது. மரத்தின் சமச்சீர்மைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் குலம் அதுதான். எந்தச் சமச்சீரும் இல்லாத திண்மப் பொருளை எல்லாத் திசையிலும் அழுத்தியும் முறுக்கியும் முழுமையாக விவரிக்க 21 மீட்சி மாறிலிகள், அதாவது விறைப்பைச் சொல்லும் எண்கள், வேண்டும். ஒரு கண்ணாடித் தளத்தில் பிரதிபலிக்கும்போது அவற்றில் 8 குறி மாறுகின்றன. பொருள் மாறாதபோது மாறிலியும் மாறக் கூடாது. தன் எதிர்க்குறிக்குச் சமமான எண் சுழியம் ஒன்றுதான். ஆகவே 13 மிஞ்சுகின்றன. இரண்டாம் தளம் மேலும் நான்கை நீக்கி 9 ஆக்குகிறது. மூன்றாம் தளம் புதிதாக எதையும் நீக்குவதில்லை. முதல் இரண்டின் பெருக்கற்பலன் மூன்றாம் அச்சின் அரைச் சுற்று. தலைகீழாக்கம் மீட்சி மாறிலிகளைத் தொடுவதே இல்லை. ஆகையால் மூன்றாவது அவற்றுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆய்வகத்தில் 21 சோதனைகள் செய்ய வேண்டிய இடத்தில் 9 போதும் என்பதைக் காகிதத்தில் நிறுவிக் காட்டும் குலக் கோட்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி எலும்பு. நமது தொடை எலும்பின் கெட்டியான புறப்பகுதி நீளவாக்கில் 17 முதல் 20 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு) வரை விறைப்புள்ளது. குறுக்கே அதில் பாதியை ஒட்டியே வரும். மரத்தைப் போலவே எலும்புக்கும் நார் ஓட்டம் உண்டு. அதை விவரிக்க அதே 9 மாறிலிகளையோ, குறுக்குவாக்கில் திசை வேறுபாடு இல்லை என்று கொண்டால் 5 மாறிலிகளையோ பயன்படுத்துகிறோம். தடி ஏற்றும்போது என் தாத்தாவுக்கு முன்கை முறிந்த சமயத்தில், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் நாட்டு வைத்தியரான ஆசான் மூங்கில் பத்தைகளைக் கையின் நீளவாக்கில் வரிசையாக அடுக்கித் துணியால் சுற்றிக் கட்டியதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பத்தைகளின் நாரும் எலும்பின் நாரும் ஒரே திசையில் கிடந்தன.

உயிரிமருத்துவப் பொறியியலின் ஒரு பெரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. டைட்டானியக் கலவை ஏறத்தாழ 110 கிகாபாஸ்கல் விறைப்புள்ளது. அதை எலும்பில் பொருத்தினால் பாரத்தின் பெரும்பங்கை உலோகமே சுமக்கிறது. பாரம் இல்லாத எலும்பு மெலிகிறது. பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். மரமும் இதையே செய்கிறது: காற்றில் சாய்ந்த ரப்பர் மரம் சாய்வின் மேற்புறத்தில் இழுவிசை மரம் என்னும், தண்டை மேல்நோக்கி இழுக்கும் தனி வகை மரப்பகுதியை வளர்த்துக்கொள்கிறது. அறுவை மில்லில் ரப்பர் பலகை வளைவதற்கும் அதன் பரப்பில் பஞ்சு போல நார் எழுவதற்கும் அதுவே முக்கியமான காரணம்.

சேதமடைந்த திசுக்களை மீண்டும் வளர்க்க முயலும் மீளுருவாக்க மருத்துவம் இந்தத் திசையைச் செல்களுக்கே கொடுக்கப் பார்க்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஒரே வகை மூலச்செல்கள் மென்மையான பரப்பில் நரம்புச் செல்லின் பக்கமும் நடுத்தர விறைப்பில் தசையின் பக்கமும் கெட்டியான பரப்பில் எலும்பின் பக்கமும் போயின. செல்லுக்குத் தான் பற்றியிருக்கும் இடத்தின் விறைப்பு தெரிகிறது. அப்படியானால், எலும்பு போன்ற குழாய்களும் நார் ஓட்டமும் உள்ள ஒரு சாரத்தை, அதாவது செல்கள் பற்றி வளர்வதற்கான தாங்குசட்டத்தை, எங்கிருந்து பெறுவது? இத்தாலியின் ஃபயென்சா நகரில் அன்னா தம்பியேரியும் உடன் பணியாற்றியவர்களும் பிரம்பைத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் சூரல் என்று சொல்லும் அந்தக் கொடியைக் காற்றில்லாமல் கரியாக்கி, கால்சிய ஆவியை ஊடுருவ விட்டுக் கால்சியம் கார்பைடாக்கி, ஆக்சைடாக்கி, கார்பனேட்டாக்கி, கடைசியில் பாஸ்பேட் கரைசலில் ஹைட்ராக்சிஅபடைட் ஆக்கினார்கள். அது எலும்பின் கனிமமேதான். 2009-இல் வெளியான அந்தக் கட்டுரையின் நுண்ணோக்கிப் படங்களை முதன்முறை பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது: பொருள் முழுவதும் மாறிய பிறகும் சூரலின் குழாய்கள் அதே வரிசையில் நின்றன. 2017-இல் அமெரிக்காவின் வொர்செஸ்டர் பாலிடெக்னிக் கல்விநிலையத்தார் பசலைக் கீரை இலையின் செல்களைச் சோப்புநீர் போன்ற கரைசலால் கழுவி நீக்கி, எஞ்சிய நரம்பு வலைமேல் மனித இதயத் தசைச் செல்களைத் துடிக்க வைத்ததும் இதே வழிதான். எலும்புக்கு எனக்குச் சூரல் வழியே சரியாகப் படுகிறது. மனித உடலில் செல்லுலோசைக் கரைக்கும் நொதி கிடையாது. செல்லுலோசால் ஆன இலைச் சட்டகம் உடலுக்குள் அப்படியே தங்கிவிடும்.

குலங்களோடு இயற்கணிதத்தின் வேலை முடிந்துவிடாது. சாரத்துக்குள் இரத்தக் குழாய் வளர வேண்டுமானால் துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்க வேண்டும்; வெறும் துளை விழுக்காடு அதைக் காட்டாது. பொருளின் உள்ளமைப்பை எக்ஸ்-கதிரால் முப்பரிமாணத்தில் காட்டும் நுண் சிடி படத்திலிருந்து எந்தக் குழாய் நீடிக்கிறது, எது அடைபடுகிறது என்று எண்ணிச் சொல்லும் நிலைத்த ஒத்தியல் என்ற முறை இப்போது இருக்கிறது. ஸோமோரோடியனும் கார்ல்சனும் 2005-இல் அதை வளையக் கோட்பாட்டில் வரும், பல்லுறுப்புக்கோவை வளையத்தின் மேலான மாட்யூல்கள் என்னும் அமைப்புகளாக விளக்கினார்கள். வளையக் கோட்பாட்டுத் தேர்வுக்குப் படித்ததெல்லாம் வீணா என்று கேட்டிருந்தீர்களே, உங்களுக்கான இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பொறுமை மட்டும் நிறைய வேண்டும். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் எட்டும் தொலைவில், திருவனந்தபுரம் பூஜப்புரையில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிரிமருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. இதய அறுவை மருத்துவர் டாக்டர் வலியத்தான் தலைமையில் அங்கே உருவான சித்ரா இதய வால்வு நான்காவது வடிவத்தில்தான் வெற்றி கண்டது. 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 

நான்கு துறைகளையும் சமமாகக் கற்க முயல வேண்டாம். கணிதத்தை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைப் பற்றிப் புத்தகத்துக்கு முன்னால் கையால் தெரிந்துகொள்ளுங்கள். அயனி, பலா, ரப்பர் ஆகிய மூன்று மரங்களிலும் இரண்டு அங்குலக் கனசதுரங்கள் வெட்டித் தரச் சொல்லி, நார், ஆரம், சுற்று என்று மூன்று முகங்களிலும் பென்சிலால் குறித்து, வாரம் ஒருமுறை வெர்னியர் அளவியால் அளந்து எழுதி வாருங்கள். ரப்பர் கட்டையை மட்டும் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்த பிறகே காய விடுங்கள். அதில் மாவுச்சத்து மிகுதி என்பதால், சில நாட்களிலேயே பூஞ்சை ஏறி நீலம் பாய்ந்துவிடும்.