‘மருந்து ஒத்துக்கல’ என்று மட்டும் சொன்னால் போதுமா?

கேள்வி: அக்கா, நான் கோலாலம்பூரில் ஓர் அரசு மருத்துவமனையில் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர், இரண்டாம் வருடம். எமர்ஜென்சி போஸ்டிங்கில் இருந்தபோது ஒரு சாயங்கால ஷிஃப்டில், காலில் புண்ணும் காய்ச்சலுமாக 58 வயது அம்மா ஒருவர் வந்தார். சர்க்கரை நோயாளி. ஆக்மெண்டின் ஊசி போடச் சொல்லி எழுதினேன். நோயாளி வந்ததும் அவசரத்தைக் கணித்து எழுதும் ட்ரியாஜ் தாளில் நர்ஸ் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று எழுதி வைத்திருந்ததை நான் பார்க்கவில்லை. ஊசி ஏறிய சில நிமிடங்களில் உதடு வீங்கி, மூச்சு முட்டி, பிரஷர் இறங்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்க்கும் ரெட் ஸோனுக்குத் தள்ளிக்கொண்டு போய் அட்ரினலின் போட்டோம். பிழைத்துக்கொண்டார். மகனிடம் ‘மருந்து ஒத்துக்கல’ என்று மட்டும் சொன்னேன். எனக்கு மேலே இருக்கும் டாக்டரான எம்.ஓ.விடம் (மெடிக்கல் ஆஃபீசர்) கேட்டதற்கு, ‘நல்லா ஆயிட்டாங்கல்ல, எதுக்குக் கிளறுற?’ என்றார். போன வாரம் புண்ணைக் காட்ட வந்த அந்த அம்மா என்னைத் தேடி வந்து, ‘நீ இல்லன்னா நான் போயிருப்பேன்மா’ என்று கையைப் பிடித்துக்கொண்டார். முறுக்கு வேறு கொண்டுவந்திருந்தார். எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. அவர் வீடு இங்கே செந்தூலில்தான். பழம் வாங்கிக்கொண்டு நேரே போய்ச் சொல்லிவிடலாமா?
— பெயர் வேண்டாம், கோலாலம்பூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

சொல்லத்தான் வேண்டும். ஆனால் செந்தூலுக்குத் தனியாகப் போகாதீர்கள். இந்த இரண்டையும் கடிதம் வந்த அன்றே உங்களுக்கு மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கும் விஷயமில்லை இது. உங்கள் நிலையில் இருக்கும் இளம் டாக்டர்கள் இன்னும் பலர் இதைப் படிப்பார்கள் என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

‘மருந்து ஒத்துக்கல’ என்றது பொய் இல்லை. அதுதான் அதில் இருக்கும் வசதி. நடந்தது வெளியே வந்துவிடும், செய்தது உள்ளேயே தங்கிவிடும். கேட்டவர் தன் உடம்பின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். நீங்கள் ஒருவர் மட்டும் இப்படிப் பேசிவிடவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,600க்கும் மேற்பட்ட டாக்டர்களிடம் கற்பனையான சில தவறுகளைச் சொல்லி, ‘நோயாளியிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்ட ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. 56 விழுக்காட்டினர், விளைவை மட்டும் சொல்லித் தவறைச் சொல்லாத வாக்கியங்களையே தேர்ந்தெடுத்தார்கள். தவறு நடந்தது என்று வாய்விட்டுச் சொல்ல முன்வந்தவர்கள் 42 விழுக்காடு. வெளிப்படையாக மன்னிப்புக் கேட்போம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். அனுபவமுள்ள பெரிய டாக்டர்கள் இவர்கள். ஹவுஸ்மேன்கள் இல்லை.

மனச்சாட்சியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, மருத்துவமாகவே பார்ப்போம். அந்த அம்மாவுக்கு இப்போது என்ன தெரியும்? ஏதோ ஓர் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். தனக்கு ஆகாது என்று தானே சொன்ன அதே பென்சிலின் வகைதான் ஏற்றப்பட்டது என்பது தெரியாது. ஆக்மெண்டினுக்குள் அமோக்சிசிலின் என்ற பென்சிலின் வகை மருந்து இருப்பதும், அடுத்த முறை உயிரே போகலாம் என்பதும் தெரியாது. நாளைக்குத் தொண்டை வலி என்று வீட்டுப் பக்கத்து கிளினிக்குக்குப் போவார். நம் நாட்டில் கிளினிக் டாக்டரே மருந்தையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறார், நடுவில் ஃபார்மசிஸ்ட் என்று இன்னொரு ஜோடிக் கண் இருக்காது. மருத்துவமனை ஃபார்மசி கொடுக்கும் அலர்ஜி கார்டு அவர் கைப்பையில் இருக்கிறதா? அதில் எந்த மருந்து, என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறதா? உண்மையைச் சொல்லாமல் இதையெல்லாம் நீங்கள் எப்படிக் கேட்பீர்கள்?

உங்கள் எம்.ஓ.வை வில்லனாக்க எனக்கு மனமில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் அவருக்குக் காட்டிக்கொடுத்த வழி அது. நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்றும் எனக்குப் புரிகிறது. உங்கள் பயிற்சியைப் பதியும் லாக்புக்கில் கையெழுத்துப் போடுகிறவர்களும் இவர்கள்தான். பயிற்சிக் காலத்தை எக்ஸ்டெண்ட் செய்துவிடுவார்களோ என்ற பயம் எந்த ஹவுஸ்மேனையும் வாயை மூட வைக்கும். அதனால் எம்.ஓ.வோடு தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பாக இருந்த ஸ்பெஷலிஸ்டிடம் ஐந்து நிமிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ‘சொல்லலாமா?’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ‘வேண்டாம்’ என்பது சுலபமான பதில். ‘இன்சிடண்ட் ரிப்போர்ட் போயிருக்கா, பேஷண்டுக்கு யார் சொல்றது, எப்போ சொல்றது, நானும் கூட இருக்கலாமா?’ என்று கேளுங்கள். இங்கிலாந்தில் மருத்துவமனைகளுக்கு இப்படிச் சொல்வது 2014இலிருந்து சட்டக் கடமை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கலாம். அவரும் மழுப்பினால், மருத்துவமனையின் குவாலிட்டி யூனிட்டுக்குப் போங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. அந்த யூனிட் இருப்பதே அதற்குத்தான்.

எமர்ஜென்சிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத்தான் நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. வார்டில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நாலைந்து நாள் முகப்பழக்கமாவது இருக்கும். எமர்ஜென்சியின் யெல்லோ ஸோனில் கட்டில் எண் தெரியும், பெயர் தெரியாது. ஷிஃப்ட் முடிந்ததும் நோயாளி வேறு கைக்கு மாறிவிடுகிறார். ‘அது எமர்ஜென்சியில நடந்தது’ என்பார்கள் வார்டுக்காரர்கள். ‘இப்ப அவங்க மெடிக்கல் வார்டு பேஷண்ட்’ என்பார்கள் எமர்ஜென்சிக்காரர்கள். யாரும் திட்டம் போட்டு மறைத்திருக்க மாட்டார்கள். யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். தவறு நடக்கும் வழிகளும் அங்கே வேறு. அவசர மருந்துகள் ஸோனிலேயே ஸ்டாக்கில் இருக்கும், வாய்வழியாகவே ஆர்டர் போகும், ஒரு மருந்தை எழுதி முடிப்பதற்குள் மூன்று பேர் கூப்பிடுவார்கள். ட்ரியாஜ் தாள் அப்போது எங்கே இருந்தது, ஊசி போட்டவர் ஏன் கேட்கவில்லை, எல்லாமே ரிப்போர்ட்டில் வர வேண்டியவை. ஆனால் அந்த அம்மாவிடம் பேச உட்காரும்போது இந்தக் கதையை முதலில் எடுத்தால் அது சாக்காகத்தான் கேட்கும். அவர் கேட்டால் சொல்லுங்கள், அதுவும் பிறகு.

இப்போது அந்தப் பேச்சுக்கு வருவோம். மருத்துவமனையிலிருந்து முறைப்படி போன் செய்து வரச்சொல்ல வேண்டும். விஷயத்தைப் போனிலேயே போட்டு உடைக்கக் கூடாது. நாலு நாற்காலியும் மூடுகிற கதவும் உள்ள ஓர் அறை வேண்டும். காரிடார் ஆகாது. யார் கூட வரலாம் என்பதை அந்த அம்மாவே முடிவு செய்யட்டும். நம் குடும்பங்களில் மூத்த மகன் முன்னால் நின்று, ‘எங்கிட்ட சொல்லுங்க டாக்டர், நான் அம்மாவுக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன்’ என்பார். நல்ல எண்ணம்தான். இருந்தாலும் மூச்சு முட்டியது அவருக்கில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து, தமிழிலேயே சொல்லுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்பெஷலிஸ்ட் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருந்தால், மொழிபெயர்க்கும் வேலை தானாக உங்கள் தலையில் விழும். ஏற்றுக்கொள்ளாதீர்கள். தவறு செய்தவரே அதற்கு மொழிபெயர்ப்பாளராகவும் உட்கார்ந்தால், எந்த வார்த்தை எங்கே வழுக்கியது என்று யாருக்கும் தெரியாது, உங்களுக்கே தெரியாது. தமிழ் பேசும் மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவரோ வேறு டாக்டரோ அதைச் செய்யட்டும். உங்கள் பங்கை மட்டும் நீங்கள் பேசுங்கள். இவ்வளவுதான் அது:

‘அம்மா, அன்னிக்கு உங்களுக்குப் பென்சிலின் ஆகாதுன்னு மிஸ்ஸி சரியா எழுதி வச்சிருந்தாங்க. நான் அதைப் பார்க்காம அதே வகை ஊசியை எழுதிட்டேன். அதனாலதான் உங்களுக்கு மூச்சு முட்டுச்சு. தப்பு என்னோடது. அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கணும், அதையும் சொல்லல. என்னை மன்னிச்சிடுங்க.’

பிறகு பேசாதீர்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ‘ஆனா உடனே அட்ரினலின் போட்டுட்டோம்’ என்று வாய் ஓடும். அடக்குங்கள்.

நான் அதிகம் பயப்படுவது கோபத்துக்கு அல்ல. அந்த அம்மாவின் தலைமுறையில் டாக்டர் என்றால் சாமிக்கு அடுத்த இடம். நீங்கள் முடிப்பதற்குள்ளேயே ‘விடும்மா, வேணும்னா செஞ்ச? நல்லாதானே இருக்கேன்’ என்று சொல்லிவிடுவார். என்ன நடந்தது என்று முழுசாகப் புரிவதற்கு முன்பே வந்துவிடுகிற மன்னிப்பு அது. அதை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டால் உங்களுக்கு நிம்மதி, அவருக்கு ஒன்றுமில்லை. ‘அது உங்க பெரிய மனசும்மா, ஆனா மிச்சத்தையும் சொல்லிடறேன்’ என்று உட்காருங்கள். எந்தெந்த மருந்துகள் ஆகாது, கார்டை எங்கெல்லாம் காட்ட வேண்டும், இனி இப்படி நடக்காமல் இருக்க மருத்துவமனை என்ன செய்யப்போகிறது என்பதை ஸ்பெஷலிஸ்ட் சொல்லட்டும். அழுகை வந்தால் வரட்டும், ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் அவர் எழுந்து வந்து உங்கள் கண்ணைத் துடைக்கும் அளவுக்குப் போனால், அந்தச் சந்திப்பு உங்களுக்கானதாக மாறிவிட்டது என்று அர்த்தம்.

மகன் கோபப்படலாம். ‘எங்கம்மா செத்துப் போயிருந்தா?’ என்று கேட்பார். ‘ஆமாண்ணே, உயிருக்கே ஆபத்தாதான் இருந்துச்சு’ என்பதுதான் பதில். ‘கம்ப்ளெய்ன் பண்ணலாமா?’ என்பார். ‘பண்ணலாம்’ என்று சொல்லி, மருத்துவமனையின் பொதுமக்கள் தொடர்பு யூனிட் எங்கே இருக்கிறது, மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி, அரசாங்க மருத்துவமனைக்கு எதிராக வழக்குப் போட 36 மாதம்தான் கெடு. நாம் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் அவர்கள் கணக்கிலிருந்து கழிகிறது.

அப்படியானால் வலிய வழக்கை வரவழைத்துக்கொள்கிறோமா என்று உங்கள் எம்.ஓ. கேட்பார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001இலிருந்து தவறுகளைத் தானே முன்வந்து சொல்லி, தேவைப்பட்ட இடத்தில் இழப்பீடும் கொடுக்க ஆரம்பித்தது. அதன் கணக்கு 2010இல் வெளியானது. நோயாளி வருகை 1,00,000க்கு மாதம் 2.13 ஆக இருந்த வழக்குகள் 0.75 ஆகக் குறைந்திருந்தன. அதே காலத்தில் அங்கே வேறு பலவும் மாறியிருக்கும், முழுப் பெருமையையும் இதற்கே கொடுக்க முடியாது. ஆனால் சொன்னால் வழக்கு குவியும் என்ற பயத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. ஹாங்காங்கில் 2017இல் மன்னிப்புச் சட்டமே வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டதைப் பொதுவாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்கிறது அது. அப்படி ஒரு கவசத்தை நம்பி நீங்கள் இங்கே பேச முடியாது. ஸ்பெஷலிஸ்டையும் மருத்துவமனை நிர்வாகத்தையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். வழக்கு வந்தால் டாக்டருக்குத் துணை நிற்கும் மருத்துவக் காப்பு அமைப்பு எதிலாவது உறுப்பினராக இருந்தால் அவர்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஃபைலில் எழுதியது எதையும் திருத்தாதீர்கள், அழிக்காதீர்கள். சேர்க்க வேண்டியிருந்தால் இன்றைய தேதியும் நேரமும் போட்டுத் தனியாக எழுதுங்கள். தவறை மன்னிக்கிறவர்கள்கூடத் திருத்திய தாளை மன்னிக்க மாட்டார்கள்.

கடைசியாகப் பயிற்சி. கெட்ட செய்தி சொல்வதற்கு ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படி முறையை நீங்கள் படித்திருப்பீர்கள். 2000இல் வெளியான அது புற்றுநோயாளிகளுக்காக உருவானது. அங்கே செய்தி சொல்கிற டாக்டர் நோயைக் கொடுத்தவர் இல்லை. இங்கே சொல்கிறவர்தான் காரணம். இடம் பார்த்து உட்காருவது, என்ன தெரியும் என்று முதலில் கேட்பது, இதெல்லாம் உதவும். ‘நான்’ என்று தொடங்கும் அந்த ஒரு வாக்கியத்துக்கு அந்த ஆறு படியில் இடமில்லை. அதை வாயால் சொல்லித்தான் பழக வேண்டும். சி.பி.ஆரை பொம்மையின் நெஞ்சில் எத்தனை தடவை அமுக்கிப் பழகினோம்? இதை மட்டும் ஏன் முதல் தடவையே உயிருள்ள மனிதரிடம் செய்து பார்க்கிறோம்? அதிலும் ஆங்கிலத்திலும் மலாயிலும் மருத்துவம் படித்த நமக்குத் தமிழில் மன்னிப்புக் கேட்க நாக்கு புரளாது. டாக்டர்களுக்கான வாராந்திர சி.எம்.இ. வகுப்பில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தமிழ் தெரிந்த மிஸ்ஸி ஒருவர் அம்மாவாக உட்காரட்டும். மகன் வேஷத்தை உங்கள் எம்.ஓ.வுக்கே கொடுங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் அவருக்கும் சில விஷயங்கள் புரியும்.

தூக்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். பேச்சு முடிந்த பிறகும் வாரக்கணக்கில் இப்படியே போனால் நீங்களும் ஒரு டாக்டரைப் பாருங்கள். சொந்த மருத்துவமனையில் தெரிந்த முகங்களிடம் போகக் கூச்சமாக இருந்தால் வெளியே போங்கள். நடு ராத்திரியில் யாரிடமாவது பேசித்தான் ஆக வேண்டும் என்றிருந்தால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூருக்குப் போன் செய்யலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.