‘கேரியர்’ என்றால் நோயாளி என்று அர்த்தமில்லை

கேள்வி: ஒன்பது வாரக் கர்ப்பிணி நான். ரத்தப் பரிசோதனையில் ‘பீட்டா தலசீமியா கேரியர்’ என்று வந்திருக்கிறது. மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று இணையத்தில் படித்தேன். சோர்வாக இருக்கிறது, முடியும் கொட்டுகிறது. இரும்புச்சத்து மாத்திரையை நானே இரண்டாக்கிவிட்டேன். என் நோய் குழந்தைக்கும் வருமா?

பதில்: உங்களுக்கு நோயே இல்லையம்மா. கொசுவை ‘நோய் கடத்தி’ என்கிறோமே, அந்தப் பொருள் இங்கே கிடையாது. இது யாருக்கும் ஒட்டாது. தலசீமியா என்பது ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதம் சரியாக உருவாகாத பரம்பரைக் கோளாறு. அந்தப் புரதத்தின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நம் எல்லோருக்கும் இரண்டு உண்டு. உங்களுக்கு ஒன்று பழுது, மற்றது வேலையைப் பார்த்துக்கொள்கிறது. சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும், ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாக நிற்கும். இது பின்னாளில் முற்றி நோயாகாது. நீங்கள் இணையத்தில் படித்தது இரண்டுமே பழுதானவர்களைப் பற்றி.

முடி கொட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒன்பதாவது வாரத்தில் சோர்வு சகஜம். ஆனால் மாத்திரையை இரண்டாக்கச் சொன்னது யார்? தலசீமியாவால் சிறுத்த அணு, இரும்பைக் கொட்டினாலும் பெரிதாகாது. டாக்டர் எழுதிய அளவுக்கே திரும்புங்கள். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் அவரே கூட்டித் தருவார். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சரி, குழந்தை விஷயம். அதற்கான விடை உங்கள் கணவரின் ரத்தத்தில் இருக்கிறது. ‘அவர் நன்றாகத்தானே இருக்கிறார்’ என்பீர்கள். இந்த ரிப்போர்ட் வரும்வரை நீங்களும் நன்றாகத்தான் இருந்தீர்கள்! முழு ரத்த எண்ணிக்கையோடு ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஏ2-வின் அளவையும் அவருக்குப் பார்க்க வேண்டும். ஏ2 பொதுவாக 3.5 சதவீதத்தைத் தாண்டினால் அவரும் கேரியர். ஹீமோகுளோபின் இ, சிக்கிள் செல் போன்ற வேறு பரம்பரை ஹீமோகுளோபின் கோளாறுகளின் கேரியர் என்று வந்தாலும் அதே அளவு கவனம் தேவை.

அவருக்கு எதுவும் இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள். குழந்தை உங்களைப் போல கேரியராகப் பிறக்கப் பாதி வாய்ப்பு, அதற்கு மேல் பயமில்லை. இருவரும் தலசீமியா கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு கடுமையான நோய்க்கு வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு ஒன்றுமில்லையே என்று அடுத்ததில் அசட்டையாக இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கடுமையான நோயுள்ள குழந்தையும் பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். வெளிறிப்போவது மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

கருவில் இருக்கும்போதே நச்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்த்துவிடலாம். அதற்கான காலம் 11 முதல் 13 வாரம். அது தவறினால் பனிக்குட நீரைச் சோதிக்க 15 வாரம் ஆக வேண்டும். அதனால் அடுத்த செக்கப் வரட்டும் என்று இருக்காமல் நாளைக்கே அவரை ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.